ராஜா சாப்பிட்ட கோழி

ஏழாம் வகுப்புக்குக் கதைகளின் மையக்கருத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எப்சிபா டீச்சர், தற்காலிக ஆசிரியை. ஆய்வுக்கு வந்த அதிகாரி பரமானந்தத்துக்குப் பிள்ளைகளின் பதில்கள் எல்லாமே சந்தேகமாக இருந்தன. சரியான பதிலைவிடச் சந்தேகத்துக்குரியது உலகில் வேறில்லை என்பது அவர் கட்சி.

“எல்லாம் மனப்பாடம். நானே ஒரு கதை கட்டுகிறேன். அதன் கருத்தைச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் டீச்சர் நாளை முதல் வர வேண்டாம்.”

கதை இதுதான். ஒரு ராஜா ஏழைக் குடியானவன் வீட்டுக்குப் போனார். அவன் தன் ஒரே கோழியை அடித்துக் குழம்பு வைத்தான். ராஜா வயிறாரச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார்.

கடைசி பெஞ்சு இசக்கியம்மாள் எழுந்தாள். “பெரிய ஆளு வந்துட்டுப் போனா, சின்ன ஆளு வீட்ல ஒண்ணும் மிஞ்சாது சார்.”

“பெரியோரை உபசரிக்க வேண்டும் என்பதல்லவா கருத்து?”

“கதை முடியுறப்போ யாருகிட்ட எது இல்லன்னு பாக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காங்க. கோழியக் காணோமே சார்.”

அதிகாரியின் கண் சுருங்கியது. “இந்தப் பதிலை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“இப்பத்தானே நீங்க கதையக் கட்டுனீங்க. அதுக்கு முன்னாடி யாரு சொல்லித் தர முடியும்?”

அப்போது தலைமையாசிரியர் வாசலில் தலையை நீட்டினார். “சார், சத்துணவு அக்கா வீட்டுல இருந்த கோழியப் பிடிச்சு வச்சிருக்கு. குழம்பா, வறுவலா?”

வகுப்பு முழுவதும் அதிகாரியையே பார்த்தது.

“எனக்குத் தயிர்சாதம் போதும்,” என்றார் பரமானந்தம்.

மறுநாள் எப்சிபா டீச்சர் பள்ளிக்கு வந்தார். சத்துணவுக்கூடத்தின் பின்னால் கோழி மேய்ந்துகொண்டிருந்தது.