கண்ணாடிக் குளத்தில் திறந்த வாய்கள்

முன்னொரு காலத்தில், ஆறுகள் வழி தவறாமல் கடல்வரை போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார் கண்ணுகளா. தன் முகத்தின்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. இருந்த கண்ணாடியெல்லாம் அவருக்குச் சின்னதாகப் போயிற்று. "அரண்மனைக் குளமே எனக்குக் கண்ணாடியாக வேண்டும். தண்ணீர் அசையக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

வாய்க்கால் மதகை அடைத்தார்கள். இலை விழுந்தால் அலை எழுமே என்று கரையில் நின்ற மருத மரங்களை வெட்டினார்கள். குளத்து மீன்கள் ராஜாவின் செல்லப்பிள்ளைகள். அவை குறைப்படக் கூடாதென்று சோறும் அப்பமும் கூடை கூடையாகக் கொட்டினார்கள். சித்திரை வெயில் நேரே குளத்தில் இறங்கியது. தண்ணீர் அசையவே இல்லை.

ஒரு விடியற்காலை ராஜா முகம் பார்க்கக் குனிந்தார். முகம் தெரிந்தது. அந்த முகத்தின் கன்னத்தில் ஒரு வாய் திறந்தது. நெற்றியில் ஒன்று. கண் இருந்த இடத்தில் ஒன்று. வட்ட வட்டமாய், ஒரு சத்தமும் இல்லாமல், திறந்து மூடின. குளம் முழுக்க மீன்களின் வாய்கள். நடுநடுவே வெள்ளை வயிறு காட்டி மிதந்தவையும் உண்டு.

ராஜா அலறினார். ஆஸ்தான சோதிடர் திரிலோசனர் ஓடிவந்தார். அவருக்கு அவையில் ஒரே வயிற்றெரிச்சல், விகடன் சடையாண்டி. இவர் ராஜயோகம் சொன்னாலும் ராஜா கொட்டாவி விடுவார். அவன் தும்மினாலே சிரிப்பார்.

"பிரபு, மீன்மொழி அடியேன் அறிவேன். இவை பலி கேட்கின்றன. வாயால் பிழைக்கும் ஒருவனைக் கேட்கின்றன."

எல்லாக் கண்ணும் சடையாண்டி பக்கம் திரும்பின. ராஜா அவனைக் கூப்பிட்டார். "சடையாண்டி, மீன்கள் சொல்வதை மனித வாயால் என் காதில் கேட்கச் செய். உச்சிப்பொழுதுவரை பார்ப்பேன். முடியாவிட்டால் நீ குளத்துக்குள்."

சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் மண்டியிட்டுத் தண்ணீரில் விரலை விட்டான். ஆறிய கஞ்சிபோல வெதுவெதுப்பு. ஒரு புளித்த வாடை. ஒரு கெண்டை அவன் விரலைக் கவ்வி, எதையோ தேடுவதுபோல உறிஞ்சிப் பார்த்து விட்டுவிட்டது. அப்புறம்தான் பார்த்தான். அடைத்த மதகின் இடுக்கில் நூலாய் ஒழுகும் தண்ணீர் விழுந்த இடத்தில், மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் அப்பிக் கிடந்தன.

எழுந்து அவைக்குப் போனான்.

"பிரபு, மீன்கள் சொல்வதைச் சோதிடரே சொல்லட்டும். மீன்போல இருந்தால்தான் மீன்மொழி தெளியும். தாங்கள் மீன்களுக்குச் செய்த உபசாரத்தை இவருக்கும் செய்ய வேண்டும். நிழல் வேண்டாம், காற்று வரும் வழி வேண்டாம், அப்பம் மட்டும் நிறைய."

"என்னை மூச்சுமுட்டிக் கொல்லப் பார்க்கிறாயா?" என்று சீறினார் திரிலோசனர்.

"ஐயையோ சுவாமி! அரசரின் செல்லப்பிள்ளைகள் அனுபவிக்கும் சுகமல்லவா? அது கொடுமை என்கிறீரா?"

சோதிடர் ராஜாவைப் பார்த்தார். ராஜா சோதிடரைப் பார்த்தார். "சுகம்தான்" என்றார் சோதிடர். வேறு என்ன சொல்வார் பாவம்!

களஞ்சியத்திலிருந்து ஆளுயரக் காலி நெற்குதிர் ஒன்று குளக்கரைக்கு வந்தது. உள்ளே சோதிடர், மடியில் அப்பக்கூடை. குதிரின் வாயை மூடி மண் பூசினார்கள். பக்கத்தில், நெல் அள்ளும் சின்னத் துளை மட்டும் மிச்சம். குளக்கரையில் வெயில் சுள்ளென்று அடித்தது.

முதலில், "பலி... பலிதான்..." என்று குரல் வந்தது. பிறகு முணுமுணுப்பு. பிறகு ஒன்றுமில்லை.

அப்போது துளையில் இரண்டு உதடுகள் வந்தன. வட்டமாய்த் திறந்தன. மூடின. திறந்தன. சத்தமில்லை.

ராஜா துளையைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். அதே வாய்! "என்ன சொல்கிறார்?" என்று ரகசியம்போலக் கேட்டார்.

"காதை வையுங்கள் பிரபு."

வைத்தார். "காற்று... காற்று..."

"குளமே அதைத்தான் சொல்கிறது" என்றான் சடையாண்டி.

"தண்ணீருக்குள் காற்று ஏதடா?"

"உலைப்பானையில் கொதி வருமுன்பே அடியிலிருந்து முத்து முத்தாய்க் கிளம்பி ஓடுகிறதே, அதுதான் பிரபு தண்ணீர் ஒளித்துவைத்த மூச்சு. சூடு ஏற ஏற அது தங்காது. அழுகிய சோறு மிச்சத்தையும் விழுங்கிவிடும். புதுமூச்சு கொண்டுவரும் வாய்க்காலை நாம் அடைத்துவிட்டோம்."

"மூடியை உடையுங்கள்! மதகைத் திறங்கள்!"

தண்ணீர் இரைச்சலோடு விழுந்தது. குளத்தில் ராஜாவின் முகம் சுக்கல் சுக்கலானது. வாய்கள் ஒவ்வொன்றாய் மூடி, கீழே இறங்கிப் போயின. மிதந்தவை மட்டும் இறங்கவில்லை.

கரையில் சோதிடர், தாடியெல்லாம் அப்பமாக, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "திரிலோசனரே, மீன்மொழியை இன்றுதான் கற்றீர்!" தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டி கழுத்தில் போட்டார்.

கரையில் மருதங்கன்றுகள் நட்டார்கள். அதற்குப் பிறகு ராஜா அந்தக் குளத்தில் ஆடாத முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சில விடியல்களில், அவர் தூக்கத்தில் இருக்கும்போது, உதடு மட்டும் வட்டமாய்த் திறந்து மூடுமாம்.

கதை கரையேறிவிட்டது கண்ணுகளா. எங்கே, எல்லாரும் ஒரு தரம் மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். அது போதும் எனக்கு.