மாப்பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை

செங்கோடனுக்கு ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு குரு கிடைத்தாள். குருவுக்கு வயது இருபத்தாறு.

அவள் பெயர் ஜரீனா. கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் ஒரு மாடிவீட்டில் அம்மாவோடு இருந்தாள். ஆசையாக வாங்கிவிட்டு வளர்க்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் தங்கள் பாம்புகளை அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். தேற்றி, தகுந்த ஆளாகப் பார்த்து, காகிதமெல்லாம் சரிசெய்து ஒப்படைப்பாள்.

செங்கோடன் கல்யாண மண்டபங்களில் பந்தி பார்க்கிறவர். அவர் நிற்கிற பந்தியில் அரை வயிற்றோடு எழுந்தவர் யாருமில்லை. "இன்னும் ஒரே ஒரு கரண்டிங்க" என்று அவர் குனிந்தால், இலையை மூடியவர்கள்கூடத் திறந்துவிடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுக்கிற அவள் அம்மாவிடம் ஒரு கல்யாணத்துக்குப் பேசப் போனவர், அவள் கையில் சுருண்டிருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கடிக்குமுங்களா?"

"இது நம்மளைப் பாத்துப் பயப்படற சாதிங்ணா. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும். அதனாலதான் இங்கிலீஷ்ல பால் பைத்தான்னு பேரு. ஆப்பிரிக்காக்காரி. விஷமில்ல."

அவர் கையில் வைத்தாள். காப்பிப்பொடி நிறமும் கறுப்புமாக, குளுகுளுவென்று, அது அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு தலையை உள்ளே செருகியது. செங்கோடனுக்குத் தலைகால் புரியவில்லை. பிரியாணி பேச வந்ததே மறந்துபோயிற்று.

"அம்மணி, இன்னையிலிருந்து நீங்கதான் எனக்குக் குரு. இதை எனக்குக் குடுங்க."

"குருவெல்லாம் வேண்டாமுங்ணா. மொதல்ல போய்க் கையைக் கழுவுங்க."

நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து கற்றுக்கொண்டார். பெட்டியின் ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் குளிர்ச்சி. எப்போதும் தண்ணீர். பக்கத்துக்கு ஒன்றாக, நுழைய ஓட்டை போட்டுக் கவிழ்த்த இரண்டு மண்சட்டி, உடம்பு உரசிக்கொண்டு படுக்கிற அளவுக்குச் சின்னதாக. ஐந்தாவது ஞாயிறு ஜரீனா பாம்பைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள்.

"எப்பங்க இது என்னோடது ஆகும்?"

"உங்க வீட்டுல சாப்பிட்ட பின்னால."

"அவ்ளோதானுங்களா!" செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் போய்ச் சாப்பாட்டுக் கணக்கைப் பேசுகிறாள் இந்தப் பெண்!

"நாப்பது நாளுங்ணா. அதுக்குள்ள தானாச் சாப்பிடலேன்னா நான் வந்து எடுத்துக்குவேன். பட்டினியில உடனே செத்துடாது, மாசக்கணக்குல தாங்கும். ஆனா பயந்துக்கிட்டே ஒரு வீட்டுல கெடக்க நான் விடமாட்டேன். மொத ஒரு வாரம் தொடாதீங்க. எதுவும் குடுக்காதீங்க."

"சரிங்க சரிங்க" என்றார். காது கேட்டது, மனசு அதற்குள் சிங்காநல்லூர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டு வாசலில் அவர் மனைவி மயிலாத்தா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அது செங்கோடனின் ஏற்பாடு. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நாலடிக் கண்ணாடிப் பெட்டி, அதைச் சுற்றி சீரியல் பல்பு. தெருவே வந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா பாலும் மஞ்சள் குங்குமமும் கொண்டுவந்தாள். பாம்புக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து அவர் எல்லோரிடமும் சொன்னார்.

ஜரீனா ஃபோனில் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அது பொண்ணுங்ணா."

"இருந்துட்டுப் போகட்டுமுங்க. நம்ம வீட்டுக்கு மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்."

வந்ததும் மாப்பிள்ளை சட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. செங்கோடனுக்கு அது சரியாகப் படவில்லை. விருந்துக்கு வந்தவரை யாராவது மூலையில் கவிழ்த்து வைப்பார்களா? சட்டிகளை எடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி நடுவில் அழகான ஒரு மரக்கிளையை வைத்தார்.

அன்று சாயங்காலமே விருந்து. பாம்புத் தீனிக்கென்று வாங்கிய செத்த எலிகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தார். ஐஸ்கிரீம் என்று நம்பித் திறந்த மயிலாத்தா போட்ட சத்தம் மூன்றாவது வீடு வரை கேட்டது. மறுநாள் எலிகளுக்கென்று பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று பின்கட்டுக்கு வந்தது. அன்றைய விருந்துக்கு ஒரு எலியை வெந்நீரில் இளஞ்சூடாக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினார்.

மாப்பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது.

இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார். அது பந்தாகச் சுருண்டது. மறுநாள் சின்ன எலி. அதற்கு மறுநாள் பெரிய எலி. அப்புறம் கோழிக்குஞ்சு. கையில் எடுத்துத் தடவிக்கொடுத்து, "ஒரு வாய் வைங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சிப் பார்த்தார். மண்டபத்துக்குப் போனாலும் மணிக்கொரு தரம் ஃபோன் செய்து மயிலாத்தாவைப் போய்ப் பார்க்கச் சொன்னார். வீட்டில் இருக்கும்போது கண்கொத்திப் பாம்பாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிஜப் பாம்போ பந்தாகவே கிடந்தது.

பதினோராம் நாள் குருவிடம் ஓடினார். கண் கலங்கியிருந்தது.

"அம்மணி, என் வீட்டுக்கு வந்த உசுரு பட்டினி கெடக்குதுங்க. எனக்குச் சோறே எறங்கல. என்ன குடுத்தா அது சாப்பிடும்?"

ஜரீனா எலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நாளன்னிக்கு மத்தியானம் இங்க சாப்பிட வாங்க" என்றாள். "காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க."

போனார். கூடத்தின் நடுவில் ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. இலையில் ஆட்டிறைச்சிப் பிரியாணி. மேசைவிளக்கை அவர் முகத்துக்கு நேரே திருப்பி வைத்திருந்தாள். சுற்றிலும் தரையில் அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டுப் பேர், கைகட்டி, அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சாப்பிடுவதைப் பார்க்க வாருங்கள் என்று மட்டும்தான் அவள் அவர்களைக் கூப்பிட்டிருந்தாள்.

"கை இலைக்குப் போகுது!" என்றார் ஒருவர்.

"உஷ். பயந்துக்கப் போறாரு."

ஒரு பெண் ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தாள். செங்கோடன் பிசைந்த சோறு விரலிலேயே நின்றது. அதற்குள் ஜரீனா இலையை எடுத்துவிட்டாள்.

"பிரியாணி பிடிக்கல போல. கோழி வெச்சுப் பாக்கலாம்."

கோழி வந்தது. அவர் கை நீட்டுவதற்குள் நாற்காலியோடு அவரை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். கோழி போய் மீன் வந்தது. பின்னாலிருந்து ஒருவர் அவர் முழங்கையைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்றார். செங்கோடனுக்கு வேர்த்துக் கொட்டியது. காலையிலிருந்து கிள்ளிக்கொண்டிருந்த பசி போன இடம் தெரியவில்லை.

"அம்மணி, எனக்கு வேண்டாமுங்க."

"ஒரே ஒரு வாய்ங்ணா."

"எறங்க மாட்டேங்குதுங்க."

"சமையல் நல்லா இல்லீங்களா?"

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

ஜரீனா இலையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அரிசி மூட்டை அடுக்குகிற சின்ன அறை. இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம்தான் இருந்தது. அங்கே இலையை வைத்து, அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வெளிச்சம் குறைவு. இரண்டு பக்கமும் மூட்டை தோளில் உரசியது. பிறகு பசி மெதுவாகத் திரும்பி வந்தது. பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

வெளியே வந்தபோது கூடத்தில் யாருமில்லை. ஜரீனா வேறு ஏதோ பாம்புப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"என்ன குடுத்தாச் சாப்பிடும்னு கேட்டனுங்களே. நீங்க பதிலே சொல்லலீங்க அம்மணி."

"இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?" என்றாள்.

செங்கோடன் அந்தச் சின்ன அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டென்று செருப்பைத் தேடினார். பஸ் ஸ்டாப் வரை ஓடியே போனார். ஐம்பத்து நாலு வயது ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதைக் கோட்டைமேடு பார்த்துச் சிரித்தது.

அன்றே பெட்டி கூடத்திலிருந்து பின்னறைக்குப் போனது. சீரியல் பல்பு போனது. மரக்கிளை போனது. இரண்டு சட்டிகளும் திரும்பி வந்தன. மூன்று பக்கக் கண்ணாடியையும் மயிலாத்தாவின் பழைய சேலையால் மூடினார். பாம்பு பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். தண்ணீர் மாற்ற மட்டும் தினம் ஒருமுறை உள்ளே போய், மூச்சுக்கூட விடாமல் திரும்பி வந்தார்.

இருபத்து மூன்றாம் நாள் மறுபடி எலி வைத்தார். இரவு எட்டு மணிக்குக் குருவுக்கு ஃபோன்.

"சாப்பிட்டுச்சுங்களாண்ணா?"

"தலையை நீட்டுச்சுங்க அம்மணி! நாக்கை நீட்டி நீட்டி எலிகிட்ட வந்துருச்சுங்க! கதவிடுக்குல பாத்துக்கிட்டே இருந்தனுங்களா, என்னையறியாம 'வாங்க வாங்க'ன்னுட்டேன். உள்ள போயிருச்சு."

"எத்தனை தடவை எட்டிப் பாத்தீங்க?"

"ஒரு தடவைங்க."

"நெஜமாவாங்ணா?"

"ஏழு தடவைங்க" என்றார் செங்கோடன்.

"ஒரு வாரம் போகட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வாரம் கழிந்தபோது மாப்பிள்ளையின் கண் நீலம் பாரித்துவிட்டது. சட்டை உரிக்கப்போகிறது, அது முடிகிறவரை எதுவும் கொடுக்கக் கூடாது என்றாள் குரு. செங்கோடன் நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தேழாம் நாள் சட்டை ஒரே துண்டாகக் கழன்று கிடந்தது. அதை அவர் கையில் வைத்துக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி குதித்தார். மயிலாத்தா அதை மடித்துச் சாமி அலமாரியில் வைத்தாள். அன்றைக்கும் மறுநாளும் மாப்பிள்ளையை அதன் பாட்டுக்கு விட்டார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சாயங்காலம்.

முப்பத்தொன்பதாம் நாள் அவருக்கு ஒரு ரிசப்ஷனில் பந்தி வேலை. கிளம்பும் முன் எலியை இளஞ்சூடாக்கி, ஒரு தட்டில் வைத்து, சட்டியின் வாசலுக்கு அருகில் தள்ளினார். உள்ளே இருட்டில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. குனியவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை மயிலாத்தாவிடம் கொடுத்தார்.

"காலையில குருவம்மா வந்த பொறகுதான் இதை எனக்குத் தரணும். நான் கால்ல விழுந்தாலும் தராதே."

மண்டபத்தில் முதல் பந்தி முடிந்ததும் பெண்ணின் அப்பா அவரைத் தேடி வந்தார்.

"என்னுங்க செங்கோடண்ணா, இன்னைக்கு உங்க சத்தத்தையே காணோம்?"

"சாப்பிடறாங்களுங்க" என்றார் செங்கோடன். பாயச வாளியோடு வரிசையில் ஒருமுறை நடந்தார். கை நீட்டினவர்களுக்கு ஊற்றினார். கடைசி இலையில் கண்ணை மூடி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த பெரியவரைத் தாண்டிப் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் காலை ஆறரைக்கே ஜரீனா வந்துவிட்டாள். தோளில், பாம்பைத் திரும்ப எடுத்துப்போக ஒரு துணிப்பை தொங்கியது.

"பாத்தீங்களா?"

"இல்லீங்க அம்மணி. சாவி அவகிட்ட இருக்குது."

மயிலாத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். பூட்டு திறந்தது. மூன்று பேரும் பூனை மாதிரி உள்ளே போனார்கள். ஜரீனா சேலையின் ஓரத்தை விலக்கினாள்.

தட்டு காலியாக இருந்தது.

சட்டியின் வாசல் வழியாக உடம்பின் ஒரு வளையம் தெரிந்தது. நடுவில் நன்றாகப் புடைத்திருந்தது. தலையை எங்கோ உள்ளே வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நிம்மதியாகக் கிடந்தது.

செங்கோடன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். முற்றத்துக்குப் போய்த்தான் கத்தினார். கத்தல் முடிந்ததும் அழுகை வந்தது, அழுதுகொண்டே சிரித்தார். மயிலாத்தாவின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். முப்பது வருஷமாக எத்தனையோ பேருக்கு வயிறு நிறையப் போட்டிருக்கிறார். இந்த ஒரு எலிக்கு வந்த சந்தோஷம் எதற்கும் வந்ததில்லை.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டுச்சுங்க?" என்று கேட்டாள் மயிலாத்தா.

"தெரியாது."

"தலைப் பக்கமாத் தின்னுச்சா, வால் பக்கமாவா?"

"தெரியாது புள்ள."

"நாப்பது நாளாக் காத்துக் கெடந்தீங்க. ஒண்ணுமே பாக்கலீங்களா?"

"ஒண்ணுமே பாக்கல" என்றார் செங்கோடன்.

ஜரீனா தோளிலிருந்த பையை எடுத்து, உதறி, நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப அது உங்களோடதுதாங்ணா."