கோட்டுக்கு இந்தப் பக்கம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பங்குத் தரகு அலுவலகத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவதாகப் படியேறி வந்தவர் தில்லைமுத்து. அது 2021 செப்டம்பர்.

சந்தை திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"டீச்சர், எல்லாத்தையும் வித்துருங்க" என்றார்.

ஜெசிந்தா கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அவர் தரகர். சனிக்கிழமைதோறும் அதே அறையில் பங்கு வியாபாரம் சொல்லிக்கொடுப்பார். அதனால் தூத்துக்குடியில் பல பேருக்கு அவர் டீச்சர். தில்லைமுத்துவுக்கு அவரைவிட வயது கூட.

"எதை அண்ணாச்சி?"

"பழசு எல்லாத்தையும். அந்த பேங்க்கு, அந்த சோப்புக் கம்பெனி, அந்த சிமெண்ட்டு. பதினஞ்சு வருஷமா வச்சிருக்கேன். ஒண்ணும் ஓட மாட்டேங்கு. நடக்குது. உக்காந்து உக்காந்து நடக்குது."

"வித்துட்டு?"

"புதுசுல போடுங்க. பேட்டரி, ட்ரோன், சோலார். எதிர்வீட்டு பவுல்ராஜ் ஒரே வருஷத்துல ரெட்டிப்பாக்கிட்டான். நேத்து மீன் வாங்கும்போது வெலகூடக் கேக்கல அவன்."

யாரோ சிரித்தார்கள்.

தில்லைமுத்து சிரிக்கவில்லை. துறைமுகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையானால் கபடி மாஸ்டர். அவரிடம் பயிற்சி பெறும் பெண்கள் மண்ணில் ஆடினார்கள். போட்டிகளோ ரப்பர் விரிப்பில் நடந்தன. போன இடத்திலெல்லாம் வழுக்கி விழுந்து தோற்றுத் திரும்பினார்கள். விரிப்பு வாங்கிப் போட்டால், வெயிலும் மழையும் படாமல் மேலே கூரை வேண்டும். அந்தக் கூரை அவருடைய பங்குகளுக்குள் இருந்தது.

"பிள்ளைகளுக்கு வயசாகுது டீச்சர். கொஞ்சம் விட்டா ஒவ்வொருத்தியா கட்டிக்குடுத்துருவாங்க. கூரை சீக்கிரம் வேணும்."

ஜெசிந்தா இப்போது திரும்பினார்.

"சாயங்காலம் பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சுக்கு. ஏன்?"

"விக்கிறதுக்கு முன்னால ஒரு ஆட்டம் பாக்கணும்."

*

ஐந்து மணிக்கு ஜெசிந்தா கபடித் திடலுக்கு வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை.

"உங்க பிள்ளைங்கள்ல பாயிண்ட் எடுக்கிறது யாரு அண்ணாச்சி?"

"பாடிப் போறவங்கதான். ரெக்ஸலின் ஒருத்தியே பாதி எடுப்பா."

"பிடிக்கிறவங்க?"

"அவங்க நிப்பாங்க. வந்தவள மடக்குவாங்க."

"ஓட மாட்டாங்க."

"ஓட மாட்டாங்க."

"அப்ப அவங்களை வெளிய உக்கார வைங்க. ரெக்ஸலின் பக்கம் ஏழு பேரும் பாடுறவங்களா நிக்கட்டும்."

"ஏழும் ரைடரா? பாக்கிறவன் சிரிப்பான் டீச்சர்."

"காலையில நீங்க சொன்னப்பவும்தான் சிரிச்சாங்க."

தில்லைமுத்து விசிலை எடுத்தார்.

காலைப் பிடித்தால் விடமாட்டாள் என்று பெயரெடுத்த பேச்சித்தாய் இடுப்பில் கையை வைத்தாள். "என்னைய எதுக்கு மாஸ்டர் வெளிய அனுப்புதீங்க? நான் என்ன செஞ்சேன்?"

"உக்காரு. டீச்சர் பாக்கணுமாம்."

"அவங்க பாக்கிறதுக்கு நான் உக்காரணுமா?"

உட்கார்ந்தாள்.

முதலில் பறந்தார்கள். ரெக்ஸலின் போன வேகத்தில் இரண்டு பேரைத் தொட்டு வந்தாள். அடுத்துப் போனவள் ஒருத்தியை. தில்லைமுத்துவுக்கு மீசை விரிந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

எதிரணியிலிருந்து ஒருத்தி பாடி வந்தாள். மடக்க ஆளில்லை. ஏழு பேரும் சிதறினார்கள். ஓடத்தான் தெரியும் அவர்களுக்கு. தொட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பிப் போனாள். அடுத்து வந்தவளும் அப்படியே. பாதி ஆட்டம் முடிவதற்குள் ரெக்ஸலின் பக்கம் இரண்டு முறை ஒட்டுமொத்தமாக அவுட்.

"நல்லா வேணும்" என்றாள் பேச்சித்தாய், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

தில்லைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "புரிஞ்சிட்டு டீச்சர். புதுசே வேண்டாம். பழசு அப்படியே கிடக்கட்டும்."

"அப்ப ஏழும் பிடிக்கிறவங்களா இறக்குங்க."

"அது எதுக்கு? மூணு தடவ போயி வெறுங்கையா வந்தா, மூணாவதா போனவ அவுட்டுல்லா? தொடத் தெரியாதவளா இருந்தா ஒவ்வொருத்தியா வெளிய போவா. அதுலயும் தோப்போம். என்ன, கொஞ்சம் மெதுவா தோப்போம்."

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியைத் திருகினார்.

தில்லைமுத்துவின் கையில் துண்டு அப்படியே இருந்தது. தான் சொன்னதை அவரே கேட்டுக்கொண்டு நின்றார்.

ஸ்கூட்டரைக் கிளப்பிய ஜெசிந்தா ஒரு காலை ஊன்றினார்.

"அண்ணாச்சி, போய்த் தொட்டுட்டா பாயிண்டா?"

"தொட்டா போதுமா? மூச்சு விடாம திரும்பி வந்து நம்ம கோட்டுக்குள்ள சேரணும்."

"பவுல்ராஜ் அண்ணன் சேந்துட்டாரா?"

"என்னது?"

"ரெட்டிப்பானதை வித்துட்டாரா?"

"இல்ல. இன்னும் ஏறும்ங்கான்."

"அப்ப இன்னும் அந்தப் பக்கம்தான் பாடிக்கிட்டு இருக்காரு."

போய்விட்டார்.

*

செவ்வாய்க்கிழமை காலை தில்லைமுத்து மறுபடி படியேறினார்.

"இருக்கிறத ஏழா பிரிச்சு, ரெண்டு பங்கு புதுசுக்குப் போகட்டும். அஞ்சு நிக்கட்டும்."

"போறது எப்ப திரும்பணும்?"

"ஒண்ணரை மடங்கானா திரும்பிரணும். கால்வாசி போச்சுன்னாலும் திரும்பிரணும்."

"நடுவுல உங்களுக்கு ஆசை வந்தா?"

"அப்ப விசில் உங்ககிட்ட இருக்குன்னு வச்சுக்கிடுங்க."

ஜெசிந்தா முதல்முறையாகச் சிரித்தார்.

ட்ரோன் பங்கு அந்த மழைக்காலத்திலேயே விழுந்தது. கால்வாசி போனதும் விற்றார்கள். தில்லைமுத்துவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் திடலுக்குப் போனார்; பிடிபட்ட ரெக்ஸலின் எழுந்து, முட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு வெளியே போய் உட்கார்வதைப் பார்த்தார். அன்று இரவு சாப்பிட்டார்.

பேட்டரிப் பங்கு மெல்ல ஏறியது. பிறகு வேகமாக ஏறியது.

2023 பிப்ரவரியில் ஒரு நாள் அது ஒன்றரை மடங்கைத் தொட்டது. அதே வாரம் வங்கிப் பங்குகள் அடிபட்டுக் கிடந்தன. தரகு அலுவலகத்தில் இருந்த எல்லாரும் கையிலிருந்த வங்கிப் பங்கை விற்றுக்கொண்டிருந்தார்கள். பவுல்ராஜும் அங்கே இருந்தார். அவர் இதற்குள் மீன் விலை கேட்கத் தொடங்கியிருந்தார்.

"பேட்டரிய வித்துருங்க டீச்சர்" என்றார் தில்லைமுத்து.

"வித்தாச்சு."

"வந்த லாபத்துக்கு அந்த பேங்க்கை வாங்குங்க."

ஜெசிந்தாவின் கை நின்றது. "எல்லாரும் வீசிட்டுப் போற நேரத்துலயா? நான் அப்படிச் சொல்லிக்குடுக்கலையே அண்ணாச்சி."

"நீங்க சொல்லல. உங்களுக்குக் கபடி தெரியாது."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பவுல்ராஜ், "ஏய், யாருகிட்ட பேசுத?" என்றார்.

தில்லைமுத்து குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு பேச்சித்தாய வெளிய உக்கார வச்சோம்லா? அவ ஆட்டத்துல அவுட்டாகி உக்காந்திருந்தா எப்ப உள்ள வருவா தெரியுமா டீச்சர்? கூப்பிட்டா வர முடியாது. அப்புறம் வாரேன்னு உக்காரவும் முடியாது. நம்ம ஆளு ஒருத்தி போய்த் தொட்டுட்டு வரணும். வந்த அந்த நிமிஷம், அடிபட்டு வெளிய உக்காந்திருக்கவ எந்திரிச்சு உள்ள வரணும். இன்னைக்குத் தொட்டுட்டு வந்தாச்சு."

ஜெசிந்தா கணினிப் பக்கம் திரும்பினார். பிறகு வங்கிப் பங்கை வாங்கினார்.

வாங்கி முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க அண்ணாச்சி. சனிக்கிழமை வகுப்பு நீங்க எடுங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"விசிலைக் கொண்டுவாங்க, போதும்."

*

அன்று வாங்கிய வங்கிப் பங்கு மெல்ல ஏறியது; அதை விற்றுக் கூரையும் விரிப்பும் போட்டார்கள். 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லைமுத்துவின் திடலில் தகரக் கூரையின் கீழ், ரப்பர் விரிப்பில் முதல் போட்டி நடந்தது. உடன்குடி அணியை 41–33 என்ற கணக்கில் வென்றார்கள். கடைசிப் பிடி பேச்சித்தாயுடையது.