திருமதி தன்விகா கேட்ட பாட்டு

அருமைநாதன் மாஸ்டர்கிட்டதான் நான் பாட்டு படிக்கேன். முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி அவரு 'சுண்டுவிரல் மோதிரமே'ன்னு ஒரு சினிமாப் பாட்டு பாடினாரு. அது ஓடாத டீக்கடை கிடையாது. அப்பல்லாம் கச்சேரியில, இந்தப் பாட்டு வேணும்னு ஜனங்க எழுதி மேடைக்கு அனுப்புற சீட்டு அண்டா நெறைய வருமாம். எல்லாமே அவரு பாட்டு.

அப்புறம் புதுசு புதுசா ஆளு வந்தாங்க. சினிமாக்காரங்க கூப்பிடுதத விட்டாங்க. இப்ப கல்யாண வரவேற்புல பாடுதாரு. நான் கோரஸ் பாடுதேன், சீட்டு வாங்கிக் குடுக்கேன்.

அன்னைக்குக் கோவில்பட்டியில வரவேற்பு. பதினோரு சீட்டு வந்துச்சு. பதினொண்ணும் ரெக்ஸ் பாட்டு. ரெக்ஸுன்னா, இருபத்திநாலு வயசுல எல்லாரு போன்லயும் கத்திக்கிட்டு கெடக்கானே, அவன்தான்.

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. மேடையில யாரு நிக்காங்கன்னே தெரியாத ஜென்மங்க! பதினொண்ணையும் கசக்கி ஹேண்ட்பேக்ல திணிச்சேன். கல்யாணப் பத்திரிகை ஒண்ண எடுத்து, கடைசியில இருந்த ஒரு பேரப் பாத்து, முன்னால 'திருமதி' போட்டு நானே ஒரு சீட்டு எழுதினேன்.

மாஸ்டர் அத மைக்ல வாசிச்சாரு. முகம் பூரா சிரிப்பு.

"சுண்டுவிரல் மோதிரமே. விரும்பிக் கேட்பவர் திருமதி தன்விகா. அடடா, எங்கம்மா இருக்கீங்க? ஒரு கையத் தூக்குங்க, பாப்போம்."

மண்டபமே சிரிச்சுச்சு. முன் வரிசையில ஒரு பெரிய மீசைக்காரர் எந்திரிச்சாரு. மடியில இருந்த பிள்ளைய ரெண்டு கையாலயும் உசரத் தூக்கிக் காட்டுனாரு. அது வாயில கட்டை விரலு.

"இவதான் தன்விகா. என் பேத்தி. போன மாசந்தான் ஒரு வயசு முடிஞ்சுது. இவளா சீட்டு எழுதுனா?"

பத்திரிகையில கடைசியா வீட்டுச் சின்னப் பிள்ளைங்க பேரத்தான் போடுவாங்கங்கிறது எனக்கு அப்பதான் உறைச்சுது.

பின்னால ஒருத்தன் கத்துனான்: "சொரிமுத்து அண்ணாச்சி, மாஸ்டரே எழுதியிருப்பாரு!"

சிரிப்பு ரெண்டு மடங்காச்சு. மாஸ்டர் மூஞ்சி செத்துப் போச்சு. நான் பாஞ்சு மைக்கப் பிடுங்குனேன்.

"எழுதினது நான்! அவருக்கு ஒண்ணும் தெரியாது! இங்க இளிக்கீங்களே, உங்கள்ல பாதிப் பேரு இவரு பாட்டப் பாடித்தான் பொண்டாட்டிய மடக்கியிருப்பீங்க!"

"ஏட்டி எசக்கி, மைக்க விடு"ன்னாரு மாஸ்டர்.

விட்டேன். அவரு மேடை ஓரத்துக்குப் போயி குனிஞ்சாரு.

"அண்ணாச்சி, திருமதிக்கு நெசமா எந்தப் பாட்டு பிடிக்கும்?"

"ரெக்ஸ் பாட்டு ஓடினாத்தான் சோறே எறங்கும்."

"சரி, பாடிருவோம். ஏட்டி, போன்ல வரிய எடு."

"மாஸ்டர், வேண்டாம்."

"எடுன்னா எடு."

பாடுனாரு. 'டமுக்கு ஜிமுக்கு'ன்னு வார எழவெடுத்த பாட்டு. போனை நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வரி விட்டுப்போன எடத்துல பிள்ளையப் பாத்து கண்ணச் சிமிட்டி "லலலா"ன்னு ஓட்டுனாரு. பிள்ள வாயில இருந்த விரல எடுத்துட்டு கை தட்டுச்சு. மாப்பிள்ள மாலையோட எறங்கி வந்து ஆடுனான். சொரிமுத்து அண்ணாச்சி மீசைய ஒதுக்கிக்கிட்டு விசிலடிச்சாரு. ஒன்ஸ்மோர் கேட்டாங்க. அதே பாட்ட நாலு தடவ பாடுனாரு. நாலாவது தடவ என் காலும் தாளம் போட்டுச்சு. நாசமாப் போற காலு.

அப்புறம் பந்தியில பக்கத்துப் பக்கத்துல உக்காந்தோம். அவரு ரெண்டாவது தடவையா அல்வா கேட்டு வாங்குனாரு. எனக்குப் பொறுக்கல.

"உங்களுக்கு ரோசமே கிடையாதா மாஸ்டர்? நேத்து வந்த பய பாட்ட நாலு தடவ பாடுதீங்க! கொஞ்சங்கூட எரியலயா உங்களுக்கு?"

"எரிஞ்சுதுட்டி. நல்லாவே எரிஞ்சுது."

நான் எலையில இருந்து தலையத் தூக்குனேன். அவரு அல்வாவ ஒரு வாய் போட்டு, விரல நக்கிட்டு என்னையப் பாத்தாரு.

"அது பாட்டுல கேட்டுச்சா?"