ஆதிமாறன் காசுக் கஷாயம்

முன்னொரு காலத்தில், தமக்கும் முன்னால் நடந்ததையெல்லாம் தெரிந்துகொள்ளத் துடித்த ராஜா ஒருவர் இருந்தார். கனகமாறன் என்று பெயர். பழங்காசு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒருநாள், "எங்கள் குலத்தின் முதல் அரசர் ஆதிமாறன் வெளியிட்ட காசைக் கொண்டுவருபவருக்கு ஒரு கிராமம் பரிசு" என்று பறையறைவித்துவிட்டார்.

அரண்மனையில் நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்பவர் மாசிலாமணி. அடுத்த வாரமே அவர் பட்டுத்துணியில் பொதிந்து ஒரு காசைக் கொண்டுவந்தார். பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒருபுறம் மீன் மாதிரி ஏதோ ஒன்று. மறுபுறம் 'ஆதிமாறன், ஆட்சியாண்டு ஒன்று' என்ற எழுத்து.

"ஆயிரம் ஆண்டுப் பழமை, அரசே. பொன்னும் செம்பும் கலந்தது. இதற்கு விலையே கிடையாது" என்றார் மாசிலாமணி. ராஜா அதற்குச் சந்தனம் இட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து விகடகவி சடையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனுக்கு மீசை இருந்ததைப் பார்த்துத்தான் சிரித்தான். ஆனால் மாசிலாமணி விடவில்லை.

"அரசே, என் வித்தையைப் பார்த்து விகடகவி நகைக்கிறார். அப்படியானால் அவரே சோதிக்கட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு, உரைகல்லில் உரைக்காமல், தராசில் வைக்காமல், இதன் காலம், உலோகம், விலை மூன்றையும் சொல்லட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு இது புது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

அன்று காலைதான் சடையாண்டியின் மனைவி புது அடுப்புப் போட்டிருந்தாள். அதைப் பெயர்த்துத் தலையில் சுமந்துகொண்டு எந்த நாட்டுக்குப் போவது?

"இம்மூன்றையும் தவிர வேறேதும் தடை உண்டா, அரசே?"

"வேறெதற்கும் தடையில்லை."

கண்ணைக் கட்டினார்கள். காசு கைக்கு வந்தது. சடையாண்டி செய்வதறியாமல் அதை மூக்கருகே கொண்டுபோனான். குப்பென்று ஒரு வாடை. அவன் வீடு குதிரை லாயத்துக்கு நேர் பின்னால் இருந்தது. காற்றடிக்கும் போதெல்லாம் சோற்றோடு சேர்த்து அவன் விழுங்கிய வாடைதான் அது. காசுக்குக் களிம்பு ஏறிய கதை அவனுக்கு விளங்கிவிட்டது.

"அரசே, ஒரு பானை வெந்நீர், சுக்கு, மிளகு வேண்டும்."

எல்லாம் வந்தன. சடையாண்டி காசைப் பானைக்குள் போட்டான். "ஆதிமாறர் கைபட்ட காசு. இதைக் கஷாயம் வைத்துக் குடித்தால் அவருடைய வீரம் அப்படியே உடம்பில் இறங்கும்."

"எனக்கு ஒரு குவளை" என்று ராஜா கையை நீட்டினார்.

"பொறுங்கள், அரசே. கண்டெடுத்தவருக்கல்லவா முதல் குவளை?"

"அதுதான் முறை. மாசிலாமணி, குடியும்."

கஷாயத்தை இரண்டு குவளைகளில் ஊற்றி, ராஜாவுக்கு ஒன்றும் மாசிலாமணிக்கு ஒன்றும் கொடுத்தார்கள். கண் கட்டியிருந்ததால் சடையாண்டி காதைத் தீட்டிக்கொண்டான். மாசிலாமணியின் தொண்டையில் எச்சில் இறங்கும் சத்தம் கேட்டது. கஷாயம் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"அரசே, அடியேனுக்கு இன்று விரதம்."

"மருந்துக்கு விரதம் இல்லை" என்றான் சடையாண்டி.

"சூடாக இருக்கிறது."

"கொடுங்கள், ஊதித் தருகிறேன்."

"சரி, முதலில் நானே குடிக்கிறேன்" என்று பொறுமையிழந்த ராஜா தம் குவளையை உதட்டருகே கொண்டுபோனார். மாசிலாமணி பாய்ந்து வந்து அவர் காலில் விழுந்தார்.

"வேண்டாம் அரசே, அதில் குதிரை மூத்திரம் இருக்கிறது."

ராஜா குவளையைக் கீழே வைத்துவிட்டு, சந்தனமிட்ட விரலை மெல்ல முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை காலமாக ஊறியது, ஐயா?" என்று சடையாண்டி மரியாதையாகக் கேட்டான்.

"போன அமாவாசையன்றுதான் காசை அடித்தேன். அன்றிலிருந்து."

"எதைக் காசாக அடித்தீர்கள்?"

"எங்கள் வீட்டுச் செம்புக் கெண்டியின் மூக்கை."

ராஜாவின் மீசை துடித்தது. "என் குல முதல்வர் பெயரைக் கெண்டி மூக்கில் பொறித்தீரா? இந்தப் பானை முழுவதையும் நீரே குடித்தாக வேண்டும்."

"அதைக் குடிக்காமலிருக்க என்ன தருவீர்கள்?" என்றான் சடையாண்டி.

"ஐம்பது பொன் தருகிறேன். இப்போதே தருகிறேன்."

சடையாண்டி கண்கட்டை அவிழ்த்து ராஜாவை வணங்கினான். "அரசே, காலம் போன அமாவாசை. உலோகம் கெண்டிச் செம்பு. விலை ஐம்பது பொன். நான் பார்க்கவில்லை, உரைக்கவில்லை, நிறுக்கவில்லை."

ராஜாவுக்குக் கோபம் பாதி இறங்கியது. "மாசிலாமணி, ஐம்பது பொன்னை விகடகவியிடம் கொடும். பிறகு இந்தக் காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கெண்டி மூக்கு என்னவாயிற்று என்பதை உம் மனைவியிடம் நீரே சொல்லும்."

மாசிலாமணி கைகளைக் கூப்பினார். "அரசே, தயவுசெய்து என்னை நாடு கடத்திவிடுங்கள்."

மிச்சக் கோபமும் போன இடம் தெரியவில்லை. ராஜா சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சிரித்து முடித்ததும், ஆதிமாறன் காசுக்கென வைத்திருந்த கிராமத்தைச் சடையாண்டிக்கே எழுதிக் கொடுத்தார். குதிரை லாயம் இல்லாத கிராமமாகப் பார்த்துக் கொடுக்கும்படி அவன் கேட்டுக்கொண்டானாம்.