ராஜாவுக்கு முதுகு காட்டிய பறவைகள்

யானைமேல் ஏறாமல் ராஜாக்கள் அரண்மனை வாசலைத் தாண்டாத காலம் அது. சேந்தன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் பொறுமை என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள்.

அவன் எங்கே போனாலும் முன்னால் முரசு போகும். அதற்குப் பின்னால் கொம்பு ஊதுவார்கள். அதற்கும் பின்னால் "ராஜா வர்றார், ராஜா வர்றார்" என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டு போகும். அது அந்த நாட்டு வழக்கம்.

ராஜாவுக்குப் பறவை என்றால் உயிர். நீர்மருதூர் ஏரியில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைக் கேள்விப்பட்டு ஆசையோடு போனான். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் பறந்துவிட்டன. மறுபடி போனான். அப்போதும் பறந்துவிட்டன. மூன்றாம் முறை முரசை இன்னும் பலமாக அடிக்கச் சொன்னான். ராஜா வருவது அவற்றின் காதில் விழவில்லையோ என்று அவனுக்குச் சந்தேகம்! இவனை என்ன சொல்ல, போங்கள்.

"என் ஏரியிலே இருந்துக்கிட்டு எனக்கே முதுகு காட்டுதுங்களா? கரையை வெட்டி ஏரியை வடிச்சுடுங்க" என்று உத்தரவு போட்டான்.

ஏரி போனால் பயிர் போச்சு. ஊரே கலங்கி நின்றது. கதிர் விடும் நெல்லை வயலில் வைத்திருந்த கொற்றி என்ற பெண் மட்டும் யானைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மகாராஜா, ஒரே ஒரு நாள் பொறுத்துக்குங்க. முரசு வேண்டாம், கொம்பு வேண்டாம், யானையும் வேண்டாம். நாணலுக்குள்ளே அசையாம உட்காருங்க. அப்பவும் பறவைங்க முகம் காட்டலேன்னா, கரையிலே முதல் வெட்டு நானே வெட்டுறேன்."

"சரி, அதையும் பார்த்துடுவோம்" என்றான் ராஜா.

விடிந்ததும் போய் உட்கார்ந்தான். முதலில் கால் மரத்தது. பிறகு கொசு கடித்தது. பிறகு, சொல்லவே வெட்கம், ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. வேறு வேலை இல்லாததால் வானத்தைப் பார்த்தான். மேகம் ஒன்று இன்னொன்றைத் தாண்டிப் போவதை அவன் அதுவரை கவனித்ததே இல்லை. உயரத்தில் ஒரு பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டம் போட்டது. எழுந்து போகிற நினைப்பே அவனுக்கு மறந்துவிட்டது.

வெயில் ஏறியபோது நாரைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தாய் நாரை கூட்டில் மீனைக் கக்க, குஞ்சுகள் அடித்துப் பிடித்துத் தின்றன. முக்குளிப்பான் ஒன்று குஞ்சை முதுகில் சுமந்துகொண்டு அவன் காலருகே நீந்தி வந்தது. அவனை நேருக்கு நேர் பார்த்தது. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துப் படைத்தலைவன் மண்வெட்டியோடு வந்து, "மகாராஜா, கரையை..." என்று வாயெடுத்தான்.

நாடாளும் ராஜா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துச் சேற்றில் உட்காரவைத்தான்.

"சத்தம் போடாதேய்யா, குஞ்சு பயந்துடும்!" என்று கிசுகிசுத்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: இயற்கையின் அழகு அதிகாரத்துக்குப் பணிந்து வராது, பொறுமையாகக் காத்திருந்து பார்ப்பவருக்கே கிடைக்கும்.