மருந்தரைத்த ஐயாறர்

திருவேம்பனூரில் வேம்பநாதர் கோயிலின் தெற்கு மதிலை ஒட்டி ஒரு நோயாளர் சாலை இருந்தது. பதினைந்து கட்டில்கள், ஒரு வைத்தியர், ஒரு கண்காணி, மருந்தரைக்க ஓர் ஆள். அந்த ஆள்தான் நம் ஐயாறர். ஊரார் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். "ஏ மருந்து!" என்றால் போதும், அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

விடிந்ததும் குளித்து நீறணிந்து, கோயிலுக்குள் போகும் தகுதி தமக்கில்லை என்று வாசலில் நின்றபடியே கும்பிடுவார். பிறகு யாருக்கு மருந்தோ அவர் கட்டிலருகே உட்கார்ந்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார். அந்த மூச்சை மனத்தில் ஏந்திக்கொண்டே கல்லடிக்கு வருவார். அதன் நடைக்கே குழவி போய்வரும். உதட்டில் சிவநாமம் ஓடும். நடுவில் மனம் வேறு எங்காவது போய்விட்டால், அரைத்ததில் நீர் தெளித்து முதலிலிருந்து அரைப்பார்.

கண்காணி மழவராயருக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"நீ எத நெனைக்கிறேன்னு குழவிக்கு என்னய்யா தெரியும்? சட்டுபுட்டுன்னு அரைச்சுப் போடு!"

"நோவு ஒடம்புல மட்டுமா இருக்குதுங்க ஐயா? படுத்திருக்கிறவங்க நெஞ்சுலயும் இருக்கு, பக்கத்துல நிக்கிற நம்ம நெஞ்சுலயும் இருக்கு. அரைக்கிறவன் கலங்கினா மருந்தும் கலங்கிடும்" என்பார் ஐயாறர். சாலையே கொல்லென்று சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். என்ன மனிதர் ஐயா அவர்!

அந்த வருஷம் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. வெள்ளம் வடிந்தபோது ஊரெங்கும் ஒரு வாடை நின்றது. மூன்று நாள் காற்றடித்தும் அது போகவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. முதல் நாள் குளிர், இரண்டாம் நாள் பிதற்றல், மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் ஆள் போய்விடும். தெருவுக்குத் தெரு சாவுப்பறை கேட்டது. ஒரு நாள் காலையில் அதுவும் நின்றது. அடிக்கிறவரும் படுத்துவிட்டார் என்றார்கள்.

மலையிலிருந்து வரும் ஒரு வேர் மட்டுமே அந்தக் காய்ச்சலைத் தணித்தது. பாதையை வெள்ளம் அடித்துப் போனதால் புது வேர் வரவில்லை. இருந்ததும் நாளுக்கு நாள் கரைந்து, கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியது. ஒருவருக்குத்தான் காணும்.

அன்று சாலையில் மூன்றாம் நாள் கண்டவர் இருவர். ஒருத்தி மழவராயரின் ஒன்பது வயது மகள் இளநங்கை. மற்றவர் ஐயாறரின் மனைவி கொற்றியம்மை. நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டி ஊட்டியே நோயை வாங்கிக்கொண்டவர். வைத்தியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொற்றியம்மைதான் பேசினார்.

"புள்ளைக்குக் குடுங்க." பிறகு கணவரின் கையைப் பிடித்தார். அம்மையின் கை சுட்டது. "என்னங்க, கல்லுல உக்காந்துக்கிட்டு என்னைய நெனைக்காதீங்க. உங்க குணம் எனக்குத் தெரியும்."

நினைக்காதே என்றால் மனம் கேட்குமா? ஐயாறர் சிறுமியின் மூச்சைப் பார்த்து ஏந்திக்கொண்டுதான் வந்தார். நாலு இழுப்புக்குள் அது நழுவிவிட்டது. உள்ளறையில் கொற்றியம்மை முனகும் ஒலிக்கே குழவி போய்வந்தது. சுதாரித்து மீண்டும் தொடங்கினார். மீண்டும் அங்கேயே போயிற்று. வேர் மையாக அரைபட்டுவிட்டது. மழவராயர் கிண்ணத்தை நீட்டினார். ஐயாறர் விழுதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"இதக் குடுக்கக் கூடாதுங்க ஐயா."

"என்னய்யா சொல்றே? பொண்டாட்டிக்குக் கொண்டுபோகப் பாக்குறியா? பாவி!"

"என் கை உங்க மகளுக்கு அரைச்சுதுங்க. நெஞ்சு என் வீட்டுக்காரிக்கு அரைச்சுது. பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ அரைக்க விடுங்க."

மழவராயர் கையை ஓங்கிவிட்டார். வைத்தியர் அதைப் பிடித்துக்கொண்டார். வெளியே வெயில் மதிலின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. பொழுது சாய இன்னும் ஒரு நாழிகைதான்.

ஐயாறர் நீர் தெளித்து அரைக்கத் தொடங்கினார். மனைவியை மனத்திலிருந்து தள்ளத் தள்ள, அந்த அம்மை இன்னும் நெருங்கி வந்து நின்றார். ஐயாறர் கண்ணில் நீர் வழியக் கோபுரத்தைப் பார்த்தார்.

"அப்பனே, அவள என்னால தள்ள முடியல. சுமந்துக்கிட்டே அரைச்சா இந்தப் புள்ள போயிடும். நான் ஆசையா வச்சிருந்தவ. இந்தா, நீ வச்சுக்க."

சொல்லி முடித்ததும் உள்ளறையில் முனகல் நின்றது.

நின்றது நின்றதுதான். சாலை முழுவதும் அதைக் கேட்டது. வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். ஐயாறர் எழவில்லை. அவருடைய குழவி சிறுமியின் மூச்சோடு ஏறியது, இறங்கியது. ஒரு முறைகூடப் பிசகவில்லை.

மருந்து உள்ளே போன கால் நாழிகையில் இளநங்கைக்கு வேர்த்தது. கண் திறந்து, "அப்பா, பசிக்குது" என்றாள். மழவராயர் பெருங்குரலெடுத்து அழுதார். ஐயாறர் உள்ளறைப் பக்கம் ஓர் அடி வைத்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. யாரும் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

அப்போது கோயில் மணி வரைமுறையில்லாமல் அடித்தது. மாலைப் பூசைக்கு நடை திறந்த குருக்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்தார்.

"ஊருக்குக் கேடு வந்துடுத்து! சுவாமி திருமேனி கொதிக்கறது! தண்ணி விட்டா ஆவியாப் போறது! கை வைக்க முடியலை!"

இனி இந்த ஊரில் யார் மிஞ்சப்போகிறார்கள் என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. கொற்றியம்மை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சத்தம்? நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தேன். ஏங்க, ஒரு போர்வை குடுங்க, குளுருது."

வைத்தியர் ஓடிப்போய் நாடி பார்த்தார். காய்ச்சல் இருந்த சுவடே இல்லை. மருந்தும் கொடுக்கவில்லையே, பின் எங்கே போயிற்று அது? அவர் மெல்லத் திரும்பிக் கோயிலைப் பார்த்தார். மழவராயரும் பார்த்தார். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நெடுஞ்சாண்கிடையாக ஐயாறர் காலில் விழுந்தார்.

"சாமி, நீங்க ஒப்படைச்சத அவரு வாங்கிக்கிட்டாரு! நீங்க வந்து சந்தனம் அரைங்க. உங்க கை பட்டாத்தான் அவருக்கு ஆறும்."

வாசலைத் தாண்டியறியாத ஐயாறரைக் குருக்களே கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சந்தனக் கல்லின்முன் உட்கார்ந்து, உலகத்துக்கெல்லாம் மூச்சானவனை மனத்தில் ஏந்தி, அந்த ஏழை அழுதபடியே அரைத்தார். பூசப் பூசத் திருமேனி குளிர்ந்தது. அன்று தணிந்த காய்ச்சல் பிறகு அவ்வூரில் ஒருவரையும் தொடவில்லை.

வைத்தியநாதனுக்கே வைத்தியம் பார்த்த கை அது. ஐயாறர் திருவடி போற்றி.